கோயில் அண்டாவும் உலு பெண்டுல் ஆறும்



"தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காடு எதற்கு, சார்? அவர்கள் இருப்பதே காட்டில்தானே!"

எங்கள் பள்ளிச் சாரணர்களை ஒரு வாரம் முகாமுக்கு அழைத்துச் செல்லவிருந்த சமயம். கயிறும் கூடாரத் துணியும் வாங்க சிரம்பான் பட்டணத்துக்குப் போயிருந்தேன். கடைக்காரர் துணியை மடித்துக்கொண்டே இப்படிக் கேட்டார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொல்லப் போனால் என் மனத்திலும் அந்த நினைப்புதான் இருந்தது. நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன்; இருபது ஆண்டுகளாகத் தோட்டப் பள்ளியிலேயே பாடம் நடத்துகிறவன். எங்கள் பிள்ளைகளுக்கு மழை, சேறு, பாம்பு எதுவும் புதிதல்ல, முகாம் என்பது அவர்களுக்கு விளையாட்டுப் போலத்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தேன்.

ஆனால் செம்பனைத் தோட்டம் காடல்ல, வாசகர்களே. கயிறு பிடித்து வரிசை பார்த்து நட்ட மரங்கள் அவை. எந்த வரிசையில் நின்றாலும் அடுத்த சாலை கண்ணுக்குத் தெரியும். எலி பிடிப்பதற்கென்று கம்பத்தின்மேல் பெட்டி கட்டி வளர்க்கப்படும் ஆந்தைகூட அங்கே சம்பளமில்லாத ஒரு தொழிலாளிதான். எங்கள் பிள்ளைகள் அறிந்தது இந்த ஒழுங்கை. காட்டை அவர்களும் அறிந்ததில்லை, நானும் அறிந்ததில்லை.

2019ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசி வாரம். ஆண்டிறுதி விடுமுறை தொடங்கியிருந்தது. அப்போது ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலம். தேர்வு முடிந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகவிருந்தவர்கள் ஏழு பேர், நான்காம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒன்பது பேர், ஆக 16 சாரணர்கள். துணைக்கு இன்னோர் ஆசிரியரும், எங்கள் பள்ளியில் படித்து அப்போது ஐந்தாம் படிவத்தில் இருந்த மூத்த சாரணன் ஒருவனும் வந்தார்கள். தலைக்கு 40 வெள்ளி கட்டணம். கட்ட முடியாத நால்வருக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் கட்டினார்கள். கடிதங்கள், அனுமதிகள், பெற்றோர் கையொப்பங்கள் இவற்றுக்காக நான் அலைந்த கதையைச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன்.

பாத்திரத்தைப் பற்றி மட்டும் சொல்லியே ஆகவேண்டும். 19 பேருக்குச் சோறு பொங்கப் பெரிய பாத்திரம் வேண்டும். வாடகைக்கு எடுக்கப் பணமில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஈயம் பூசிய பித்தளை அண்டா ஒன்று உண்டு. ஆடி மாதத்தில் கஞ்சி காய்ச்சுவது அதில்தான். விளிம்பின் கீழே "மூன்றாம் டிவிஷன் பால்வெட்டுத் தொழிலாளர் உபயம், 1956" என்று எழுத்து வெட்டியிருக்கும். அந்த மூன்றாம் டிவிஷன் இன்று இல்லை. லயங்களை இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். அங்கிருந்த குடும்பங்கள் சிரம்பானுக்கும் செனவாங்குக்கும் அடுக்குமாடி வீடுகளைத் தேடிப் போய்விட்டன. டிவிஷனின் பேர் மிஞ்சியிருப்பது அந்த அண்டாவில்தான்.

கோயில் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியிடம் போய்க் கேட்டேன். அவர் அந்த டிவிஷனில் பால் வெட்டியவர். வெகுநேரம் யோசித்தார்.

"பத்திரமா கொண்டாந்துடுவீங்களா, சாரு?"

"கொண்டு வந்துவிடுகிறேன், பாட்டி."

புறப்படுகிற அன்று காலை பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அண்டாவைக் காட்டினேன். "இது சாமி சொத்து. உயிரைப் போல் காக்க வேண்டும்" என்றேன். ஆசிரியர்களாகிய நாங்கள் இப்படிப்பட்ட வாக்கியங்களை ஒரு நாளைக்கு எத்தனை சொல்கிறோமோ, கணக்கில்லை.

சிரம்பானிலிருந்து கோலப்பிலா செல்லும் சாலையில் புக்கிட் புத்துஸ் மலையைக் கடந்தால் உலு பெண்டுல் வந்துவிடும். இன்று அகலமான புதிய சாலை மலையைத் தாண்டிச் செல்கிறது. பழைய சாலையின் வளைவுகளில் வாந்தி எடுத்த அனுபவம் இதைப் படிக்கும் நெகிரி செம்பிலான் வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். இந்தக் கணவாயில்தான் 1875 டிசம்பரில் ஆங்கிலேயருக்கும் யாம்துவான் அந்தாவின் வீரர்களுக்கும் சண்டை நடந்தது. மலாய் வீரர்கள் மரத்தடுப்பு எழுப்பி வழியை அடைத்திருந்தார்கள். கூர்க்காப் படையின் கேப்டன் சேனர் என்பவர் காட்டுக்குள் சுற்றிப் போய்த் தடுப்புக்குள் குதித்தார். அதற்காக அவருக்கு விக்டோரியா கிராஸ் என்னும் உயர்ந்த விருது கிடைத்தது. லோரியில் இதை நான் விளக்கிக்கொண்டு வந்தேன். பிள்ளைகள் வழியில் தென்பட்ட குரங்குகளை எண்ணிக்கொண்டு வந்தார்கள்.

உலு பெண்டுல் வனத்துறையின் பொழுதுபோக்குப் பூங்கா. பாத்தாங் தெராச்சி ஆறு பாறைகளுக்கிடையே குளிர்ந்து ஓடுகிறது. 825 மீட்டர் உயரமுள்ள குனோங் அங்சி மலைக்கு ஏறும் பாதை ஒன்று இங்கிருந்து தொடங்குகிறது. கூடாரங்களை மேட்டில், வனத்துறை ஒதுக்கிய இடத்தில் அடித்தோம். சமையலுக்கும் மேட்டிலேயே இடம் காட்டினார்கள். நான்தான் யோசித்தேன்: 19 பேருக்குத் தண்ணீரை மேட்டுக்குச் சுமப்பானேன்? ஆற்றோரம் அழகான சரளைத் திட்டு இருக்கிறதே! தண்ணீருக்கு இரண்டே எட்டு. அங்கேயே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். உடன் வந்த ஆசிரியர், "மேலேயே வைத்துக்கொள்வோமே, சார்" என்று ஒரு முறை சொன்னார். வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நான் கேட்கவில்லை.

முதல் இரவு வேடிக்கையாகவே இருந்தது. மாலை மங்கும் நேரத்தில் காட்டு வண்டுகள் ஒன்றாகச் சேர்ந்து ரம்பம் அறுப்பது போல் கத்தத் தொடங்கின. "சார், பக்கத்துல மரம் அறுக்கிறாங்களா?" என்று கேட்டான் ஒருவன். அப்புறம் இருட்டு. தோட்டத்தில் எவ்வளவு இருட்டினாலும் லயத்து விளக்கோ ஆலை விளக்கோ எங்காவது தெரியும். இங்கே கையை நீட்டினால் கை தெரியவில்லை. பகலில் புலி அணிக்குத் தலைவனாக இருந்த வீரன், இரவில் என் கூடாரத்து வாசலில் பாயை விரித்துக்கொண்டான். காரணம் கேட்டதற்கு, "உங்களுக்குத் துணையா இருக்கேன், சார்" என்றான்.

வாரத்தை எப்படி வகுத்தோம் என்றும் சொல்லிவிடுகிறேன். சாரணர் இயக்கத்தின் முதல் சோதனை முகாம் 1907 ஆகஸ்டு 1 முதல் 8 வரை இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரௌன்சீ என்னும் சிறு தீவில் நடந்தது. பேடன் பவல் சுமார் இருபது பையன்களைக் கூட்டிச் சென்றார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் படுத்தார்கள், அந்த நாட்டில் அந்தக் காலத்தில் அது சிறிய காரியமல்ல. நான்கு அணிகள் அமைத்து, அடையாளத்துக்குத் தோளில் பச்சை, மஞ்சள், சிவப்பு, நீலக் கம்பளி நூல் முடிச்சுகள் கட்டினார். ஒரு நாளைக்கு முகாம் வாழ்க்கை, ஒரு நாளைக்குக் கூர்ந்து நோக்குதல், ஒரு நாளைக்கு உயிர் காத்தல் என்று நாளுக்கொரு பாடம். நானும் அப்படியே செய்தேன். புலி, கழுகு, யானை என்று மூன்று அணிகள். தோளில் கம்பளி நூல். உயிர் காத்தல் பாடத்தை வெள்ளிக்கிழமைக்கு ஒதுக்கியிருந்தேன். ஆறு புதன்கிழமையே வந்துவிட்டது.

செவ்வாயன்று வழிகாட்டி ஒருவருடன் அங்சி மலை ஏறினோம். வேரைப் பிடித்து ஏறவேண்டிய இடங்கள் உண்டு. பிரம்புச் செடியின் முள் சட்டையைப் பிடித்தால் முன்னே இழுக்கக் கூடாது, ஓர் எட்டுப் பின்னே வைத்துத்தான் விடுவித்துக்கொள்ள வேண்டும் என்று வழிகாட்டி கற்றுக் கொடுத்தார். அட்டைக் கடியில் முதலில் அலறியவன் நான்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். உச்சியில் மேகம் மூடியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகள் அதைப் பெரிதாக எண்ணவில்லை. மேகத்துக்குள் நின்று நெத்திலி சம்பலும் ரொட்டியும் சாப்பிட்டார்கள்.

புதன்கிழமை மாலை நான்கு மணி இருக்கும். எங்கள் தலைக்குமேல் வெயில். அங்சி மலைப் பக்கம் மட்டும் வானம் கறுத்திருந்தது. நான் அதைப் பார்த்தேன், பார்த்தும் ஒன்றும் நினைக்கவில்லை. யானை அணிக்குச் சமையல் முறை. திட்டில் நான்கு பேர் அரிசி களைந்துகொண்டிருந்தார்கள். மற்றவர்கள் கரையோரம் கயிறு முடிச்சுப் பழகினார்கள்.

"சார், தண்ணி தே ஓ மாதிரி வருது" என்றான் ஒருவன்.

யாரோ மேலே குளிக்கிறார்கள், கலக்கியிருப்பார்கள் என்றேன். அடுத்த நிமிடம் காய்ந்த இலைகளும் சுள்ளிகளும் கூட்டமாக மிதந்து வந்தன. ஈர மண்வாசனை அடித்தது. அப்போது சாலையோரத்தில் பலகாரக் கடை வைத்திருந்த மலாய்க்கார அம்மாள் ஓடிவந்து, "கெபாலா ஆயிர்! நாயேக், சிக்கு, நாயேக்!" என்று கத்தினார்.

கெபாலா ஆயிர் என்றால் தண்ணீரின் தலை என்று பொருள். மலையுச்சியில் பெய்யும் மழை சிற்றோடைகள் வழியே ஆற்றில் சேர்ந்து, ஒரே மூச்சில் கீழே இறங்கி வருவது அது. சில வேளைகளில் விழுந்த மரங்களும் சருகும் நீரைத் தடுத்து வைத்து, அணை உடைவது போல் உடையும். கீழே நிற்கிறவன் தலையில் ஒரு சொட்டு மழைகூட விழுந்திருக்காது. தண்ணீர் நிறம் மாறுவதும் குப்பை மிதந்து வருவதும் அதற்கு முன்னறிவிப்பு. அந்த முன்னறிவிப்பை ஒரு பத்து வயதுப் பிள்ளை என்னிடம் சொல்லியும் நான் தட்டிக் கழித்திருந்தேன்.

ஊதலை மூன்று முறை ஊதினேன். பிள்ளைகள் மேட்டுக்கு ஓடினார்கள். எண்ணினேன். பதினைந்து.

திரும்பிப் பார்த்தால், ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன், அணியிலேயே சிறியவன், திட்டில் நின்றுகொண்டு அண்டாவின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் அவன் முழங்காலுக்கு வந்துவிட்டது. "விட்டுட்டு வாடா!" என்று கத்தினேன். இரைச்சலில் அவனுக்குக் கேட்டதோ என்னவோ, அவன் விடவில்லை. நான் இறங்குவதற்குள் மூத்த சாரணன் என்னைத் தாண்டிப் பாய்ந்தான். பழகுவதற்காக மரத்தில் கட்டியிருந்த கயிற்றை ஒரு கையில் சுற்றிக்கொண்டு, மறு கையால் பையனின் சட்டையைப் பின்புறமாகப் பற்றி இழுத்தான். நானும் மற்ற ஆசிரியரும் கயிற்றை இழுத்தோம். இருவரும் கரையில் வந்து விழுந்தார்கள். திட்டு இருந்த இடத்தில் பழுப்பு நிறத் தண்ணீர் ஆளுயரத்துக்கு உருண்டு போனது. அடுப்புக் கற்கள், அரிசி மூட்டை, இரண்டு சட்டிகள், கோயில் அண்டா எல்லாம் போயின. வெறும் அண்டா தொட்டில் போல ஆடிக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

பையன் தேம்பித் தேம்பி அழுதான். பயத்தில் அழுகிறான் என்று எண்ணி அணைத்துக்கொண்டேன்.

"சாமி சொத்து போச்சு, சார். உயிரைப் போல காக்கணும்னு சொன்னீங்களே..."

வாசகர்களே, நான் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் படித்துச் சான்றிதழ் பெற்றவன். அந்தக் கணத்தில் அந்தப் பையனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இல்லை.

அன்று இரவே தலைமையாசிரியருக்கும் எல்லாப் பெற்றோருக்கும் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். இரண்டு தந்தைமார் மறுநாள் விடியற்காலையிலேயே வந்து பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். ஒருவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதில் தவறொன்றும் இல்லை. மற்றவர்கள் இருக்கட்டும் என்றார்கள். சிறியவனின் தாயாரிடம்தான் எனக்குப் பேச நா எழவில்லை. அவர் தொழிற்சாலையில் இரவு வேலையில் இருந்தார். அடுப்பை ஆற்றில் வைத்தது என் குற்றம், மேட்டில் வைக்கச் சொல்லியும் நான் கேட்கவில்லை என்று ஒளிக்காமல் சொன்னேன். சற்று நேரம் இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்க சொன்னதத்தான் சார் செஞ்சிருக்கான்" என்றார். "அவன்கிட்ட போனக் குடுங்க."

மகனிடம் அவர் என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அவன் முகாமில் இருந்துவிட்டான்.

வியாழக்கிழமை ஆறு வடிந்து, ஒன்றுமே அறியாததுபோல் தெளிந்து ஓடியது. அடுப்பு மேட்டுக்கு ஏறியது. பிள்ளைகள் வரிசையாக நின்று வாளிவாளியாகத் தண்ணீர் கடத்தினார்கள். கால் மணி நேர வேலை! இதற்கு அஞ்சித்தான் நான் ஆற்றில் இறங்கினேன். மதியத்துக்கு மேல் வனத்துறை ஊழியர் ஒருவர் எங்களைக் கரையோரமாகக் கீழே அழைத்துச் சென்றார். பிள்ளைகளை மேட்டுப் பாதையிலேயே நிறுத்தி, அவரும் மூத்த சாரணனும் நானும் மட்டும் இறங்கித் தேடினோம். மேலிருந்து கண்டுபிடித்தது கழுகு அணி. சாய்ந்து கிடந்த மரத்தின் வேருக்குள் அண்டா தலைகீழாகச் சொருகியிருந்தது. வயிற்றில் ஒரு சாண் அகலத்துக்கு ஒடுக்கு. 1956 என்ற எண்ணில் ஐந்தும் ஆறும் மடிப்புக்குள் போய்விட்டன. சிறியவன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை ஸ்ரீ மெனாந்திக்குப் போய்ப் பழைய அரண்மனையை வெளியிலிருந்து பார்த்தோம். 1902இல் தொடங்கி 1908இல் கட்டி முடித்தது. நான்கு அடுக்கு, 99 தூண்கள், ஓர் இரும்பு ஆணிகூட இல்லை. மரத்தைத் துளைத்து மரத்தையே சொருகி நிறுத்தியிருக்கிறார்கள். கயிற்றுக் கட்டுகளாலேயே தட்டு வைக்கும் பரணும் செருப்பு அடுக்கும் செய்து பழகியிருந்த எங்கள் பிள்ளைகள், தூண் மூலைகளை அண்ணாந்து பார்த்தபடி நகரவே இல்லை. மலை, அருவி, வரலாறு என்று நான் காட்டியவற்றில் அவர்கள் தாமாகவே கேள்வி கேட்டது இங்கேதான். அன்று மாலை உயிர் காத்தல் பாடம் நடந்தது. கயிறு எறியும் முறையை நான் கற்பிக்கவில்லை, மூத்த சாரணன் கற்பித்தான்.

சனிக்கிழமை தோட்டத்துக்குத் திரும்பினோம். லோரி கோயில் முன்னால் நின்றது. பாட்டி படியில் உட்கார்ந்திருந்தார். செய்தி முன்னமே வந்து சேர்ந்திருந்தது. தோட்டத்தில் செய்திக்குக் கால் தேவையில்லை. அண்டாவை அவர்முன் இறக்கி வைத்தேன். புது அண்டா வாங்கித் தருகிறேன், தவணையில் கட்டிவிடுகிறேன் என்றெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பாட்டி ஒடுக்கைத் தடவினார். எழுத்தைத் தடவினார். பிறகு பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"எந்தப் புள்ள?"

சிறியவன் முன்னால் வந்தான். பாட்டி அவன் காதைப் பிடித்து ஒரு திருகு திருகினார். திருகிய கையாலேயே விபூதி எடுத்து நெற்றியில் பூசிவிட்டார். என் பக்கம் திரும்பினார்.

"உள்பக்கம் சேறு இருக்கு, சாரு. புளி போட்டுத் தேச்சுக் கொண்டாங்க."

தேய்த்தேன். இரண்டு நாள் ஆயிற்று. ஒடுக்கு எடுக்கச் சிரம்பானில் ஆள் பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு, அடித்தால் எழுத்து போய்விடும், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டினால் எங்கள் கோயிலில் கஞ்சி வார்க்கவில்லை. 2022 ஆடியில்தான் அண்டா மறுபடியும் அடுப்பேறியது. நானும் கிண்ணத்தோடு வரிசையில் நின்றேன். வார்த்துக்கொண்டிருந்தவன் இடைநிலைப்பள்ளிப் பையன், என் தோளுக்கு வளர்ந்திருந்தான். ஒடுக்கு விழுந்த பக்கத்தைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"அடுப்பு மேட்டுலதான் சார் இருக்கு" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினான்.